வார்டுக்கும் ஆய்வகத்துக்கும் இடையே ஒரு நடைவழி

முதுநிலைக் கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

ரேங்க் பட்டியல் வந்துவிட்டது. ரேடியாலஜியா, டெர்மட்டாலஜியா, ஜெனரல் மெடிசினா என்று உங்கள் வீடுகளில் பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கும். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. ரேடியாலஜி எடுத்தால் இரவில் தூங்கலாம் என்று சீனியர்கள் சொல்வது உண்மைதான். தூக்கத்தின் அருமை தெரியாதவனல்ல நான். ஆனால் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயங்கி நின்று, “சார், பேஷன்ட்டும் பாக்கணும், ரிசர்ச்சும் பண்ணணும்... ரெண்டும் முடியுமா சார்?” என்று கேட்கும் ஒரு சிலர் ஒவ்வொரு பேட்ச்சிலும் இருப்பீர்கள். இந்த மடல் உங்களுக்கு. மற்றவர்கள் ஒட்டுக்கேட்டாலும் தவறில்லை.

“ஏன் முடியாது?” என்று முதுகில் தட்டி அனுப்பிவைப்பது எளிது. பட்டமளிப்பு விழா மேடைகளில் அதைத்தான் செய்கிறோம். ஆனால் முடிவதும் முடியாததும் உங்கள் மூளையைவிட நீங்கள் போய்ச் சேரும் கட்டடத்தைப் பொறுத்தது என்பது என் கட்சி. அதை விளக்க ஒருவரின் தொழில் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். ஸ்டீவன் ரோசன்பெர்க், அமெரிக்க அறுவை மருத்துவர். நோயாளியின் சொந்த நோயெதிர்ப்புச் செல்களை வெளியே எடுத்து, பெருக்கி, அவற்றையே புற்றுநோய்க்கு மருந்தாகத் திருப்பிச் செலுத்தும் சிகிச்சையின் முன்னோடிகளில் முதல் வரிசைக்காரர். கார்-டி செல் என்றதும் உங்களுக்குப் பென்சில்வேனியாவின் கார்ல் ஜூனும், பிழைத்து வளர்ந்த எமிலி என்ற சிறுமியும் நினைவுக்கு வருவார்கள். அது நல்ல கதை, எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அதை வெற்றியிலிருந்து சொல்லிப் பழகிவிட்டோம். ரோசன்பெர்க்கின் கதையை அப்படிச் சொல்லவே முடியாது. அதனால்தான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

1940இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறிய யூதர்கள். போர் முடிந்த நாட்களில், ஐரோப்பாவில் விட்டுவந்த உறவினர்களில் யார் யார் முகாம்களில் மாண்டார்கள் என்ற செய்தி அஞ்சலட்டைகளாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் அப்போது முளைத்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம் படித்தார். பாஸ்டனில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் சர்ஜரிப் பயிற்சி. அந்தப் பயிற்சியின் நடுவிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஹார்வர்டுக்குப் போய் உயிர் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கி வந்தார். நம் வீட்டில் ஒரு பிள்ளை எம்.எஸ்.ஸைப் பாதியில் நிறுத்திவிட்டு இயற்பியல் படிக்கப் போகிறேன் என்றால், குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்துவிடுவார்கள்.

1968இல் பாஸ்டனின் வெஸ்ட் ராக்ஸ்பரி பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் அவர் டியூட்டியில் இருந்தபோது வயிற்றுவலியோடு 63 வயதுக்காரர் ஒருவர் வந்தார். பித்தப்பைக் கோளாறு. எடுத்துவிட்டால் முடிந்தது. ஆனால் அந்த மனிதரின் பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டியபோது கணக்கு உதைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே மருத்துவமனையில் அவருக்கு இரைப்பைப் புற்றுநோய் என்று வயிற்றைத் திறந்திருக்கிறார்கள். நோய் கல்லீரல் வரை பரவியிருந்தது. முடிந்ததை வெட்டியெடுத்துவிட்டு, மீதியை உள்ளேயே விட்டுத் தைத்து, வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதாவது, சாவதற்கு அனுப்பியிருக்கிறார்கள். அவரோ சாகவில்லை. எடை கூடியிருக்கிறார், வேலைக்குப் போயிருக்கிறார், இப்போது பித்தப்பைக்காக வந்திருக்கிறார். பன்னிரண்டு வருடத்துப் பழைய பயாப்ஸி ஸ்லைடைத் தேடியெடுத்து மறுபடி பார்க்கச் சொன்னார் ரோசன்பெர்க். புற்றுநோயேதான், சந்தேகமில்லை. பித்தப்பையை எடுக்கும்போது கல்லீரல் முழுவதையும் கையால் தடவிப் பார்த்தார். கட்டி எதுவும் தட்டுப்படவில்லை.

இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள் எல்லோரும் அந்த நோயாளியின் உடல் செய்த அதிசயத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்த ஸ்லைடுதான் அதிசயம். பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒரு டிரெய்னி கேட்டதும் அது கையில் கிடைத்திருக்கிறது! நம் ஊர் ரெக்கார்ட் ரூம்களில் கறையான் எந்த ஆண்டு வரைக்கும் தின்று முடித்திருக்கிறது என்பதை நீங்கள் இன்டெர்ன்ஷிப்பில் பார்த்திருப்பீர்கள்.

அந்த மனிதரின் ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தார் இளைஞர் ரோசன்பெர்க். அனுமதி பெற்று அவருடைய ரத்தத்தை எடுத்து, இரைப்பைப் புற்றுநோயோடு அங்கிருந்த இன்னொருவருக்கு ஏற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்று கேட்டால் சிறுபிள்ளைத்தனம் என்று சிரிப்போம். ஆனால் அவரைத் துரத்திய கேள்வி சரியானது. அதே காலத்தில் அவர் கவனித்த இன்னொரு நிகழ்வும் அதை உறுதிப்படுத்தியது. தானம் பெற்ற சிறுநீரகம் ஒன்றில் யாருக்கும் தெரியாமல் புற்றுநோய் ஒளிந்திருந்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளின் நிழலில் அது பெற்றவரின் உடலெங்கும் பரவியது. மருந்தை நிறுத்தியதும் உடல் அந்தச் சிறுநீரகத்தை நிராகரித்தது, கூடவே புற்றுநோயையும் கரைத்துவிட்டது. அப்படியானால் பெரிய கட்டியைக்கூட அழிக்கும் ஆற்றல் உடலுக்குள் இருக்கிறது. அதைத் தட்டியெழுப்புவது எப்படி?

1974 ஜூன் 30இல் பயிற்சி முடிந்தது. மறுநாள், ஜூலை 1, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அறுவை மருத்துவப் பிரிவுக்குத் தலைவர். வயது 33. ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் அதே நாற்காலியில்தான் இருந்தார்.

என் பேச்சின் மையம் இங்கேதான் வருகிறது. மேரிலாந்து மாநிலம் பெதஸ்டாவில், தேசியச் சுகாதார நிறுவன வளாகத்தில், 10ஆம் எண் கட்டடம் என்று ஒன்று உண்டு. ரோசன்பெர்க்கின் பிரிவு இருந்தது அங்கேதான். 1953இல் திறந்தது. செங்கல் கட்டடம், பார்க்க அழகாகவும் இருக்காது. ஆனால் அதைக் கட்டியவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நோயாளிகளின் வார்டையும் ஆய்வகங்களையும் ஒரே கூரையின் கீழ், ஒரே நடைவழியின் இரு பக்கமாக வைத்தார்கள். அங்கே சேரும் நோயாளி ஆய்வில் பங்கேற்பவர், ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம். அங்கே வேலை செய்யும் ஆய்வாளர்-மருத்துவர் ஒவ்வொரு திட்டத்துக்கும் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர் வேலையை வெளியாட்கள் வந்து பரிசீலிப்பார்கள், அவ்வளவே. ஓ.பி.யில் இத்தனை டோக்கன் பார்த்தாயா, இத்தனை ஆப்பரேஷன் செய்தாயா என்று கேட்பார் இல்லை.

இந்தச் சலுகையை வைத்துக்கொண்டு ரோசன்பெர்க் என்ன செய்தார்? தோற்றார். பத்து ஆண்டு தொடர்ந்து தோற்றார். 1970களில் நோயாளியின் கட்டியைப் பன்றிக்குள் வைத்து, அதை எதிர்க்கக் கற்றுக்கொண்ட பன்றி லிம்போசைட்டுகளை எடுத்து நோயாளிக்கு ஏற்றிப் பார்த்தார். பயனில்லை. 1976இல் அதே வளாகத்தில் ராபர்ட் காலோவின் ஆய்வகம் டி செல்களை வளரவைக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தது. பின்னாளில் அதற்கு இன்டர்லூகின்-2 என்று பெயர் வந்தது. அதுவரை டி செல்லை உடலுக்கு வெளியே நீண்ட நாள் உயிரோடு வைத்திருக்க வழி கிடையாது. இப்போது வளர்க்க முடிந்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து லிம்போசைட்டுகளைப் பிரித்து, இன்டர்லூகினில் ஊறவைத்து, வீரியம் ஏற்றித் திருப்பிச் செலுத்தினார். எலிகளில் கட்டி கரைந்தது. மனிதர்களில் ஒன்றும் நடக்கவில்லை. இப்படி அடுத்தடுத்து 60க்கும் மேற்பட்ட நோயாளிகள். எல்லோரும் வேறு வழியெல்லாம் அடைபட்ட பிறகு வந்தவர்கள். ஒருவருக்கும் பலனில்லை.

இந்த எண்ணிக்கையைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் படுக்கையருகே உட்கார்ந்து, இது சோதனை, இதுவரை யாருக்கும் பலித்ததில்லை, வேண்டாம் என்றால் இப்போதே சொல்லலாம் என்று விளக்கிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். பிறகு காலை ரவுண்ட்ஸில் அதே முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு குடும்பத்தாரிடம் பேச வேண்டும். எலியோடு மட்டும் வேலை செய்யும் விஞ்ஞானிக்கு இந்தப் பாரம் கிடையாது. நிரூபணமான மருந்தை மட்டும் எழுதும் மருத்துவருக்கும் கிடையாது. இரண்டும் வேண்டும் என்று கேட்கிறீர்களே, கூடவே இதுவும் வரும். இதைத் தாங்கும் மனம் உங்களுக்கு உண்டா என்பதை எந்த நுழைவுத்தேர்வும் சொல்லாது.

1984 நவம்பர் இறுதியில், மெலனோமா பரவிய 33 வயதுப் பெண் ஒருவர் வந்தார். கடற்படையில் வேலை பார்த்தவர். அதற்குள் மரபணுப் பொறியியல் வழியாக இன்டர்லூகின்-2ஐ வேண்டிய மட்டும் தயாரிக்க முடிந்ததால், அளவைத் தாராளமாகக் கூட்டியிருந்தார்கள். செல்களோடு சேர்த்து மிக அதிக அளவில் செலுத்தினார்கள். அந்தப் பெண் சிகிச்சையின் கடுமையில் சாவின் விளிம்புக்குப் போய்வந்தார். சில மாதங்களில் அவர் உடலில் கட்டிகள் இல்லை. திரும்பி வரவும் இல்லை.

1985 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 25 நோயாளிகளின் முடிவுகள் வெளிவந்தன. 11 பேருக்குக் கட்டி சுருங்கியிருந்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் அதிபர் ரேகனின் குடலில் இருந்த கட்டியைப் பற்றிப் பத்திரிகையாளர்கள் முன் நின்று, அதிபருக்குப் புற்றுநோய் என்று நேரடியாகச் சொல்லி நாடறிந்த மனிதராகியிருந்தார் ரோசன்பெர்க். இப்போது பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் மொய்த்தன. எதிர்ப்பும் உடனே வந்தது. மேயோ கிளினிக்கின் சார்ல்ஸ் மோர்ட்டல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இந்தச் சிகிச்சையின் நச்சுத்தன்மையையும் செலவையும் எடுத்துப்போட்டுக் கடுமையாகத் தாக்கினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்டர்லூகின் அதிக அளவில் போனால் ரத்தக் குழாய்கள் கசியும், நுரையீரலில் நீர் கோக்கும், ரத்த அழுத்தம் விழும். 1987இல் வெளிவந்த 157 நோயாளிகளின் அறிக்கையில், சிகிச்சையாலேயே நான்கு பேர் இறந்ததை ரோசன்பெர்க் குழுவே எழுதியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பாராட்டுரைகளில் இது பெரும்பாலும் விடுபட்டுப்போகும். அத்தனை புகழ் தேடித்தந்த அந்த வீரியம் ஏற்றிய செல்கள் பெரிதாக எதுவும் செய்யவில்லை என்பது பின்னால் தெரிந்தது. இன்டர்லூகின் மட்டும், இன்டர்லூகினோடு செல்கள் என்று இரண்டு அணியாகப் பிரித்து அவர்களே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1993இல் முடிவு வந்தது. குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. வேலை செய்தது பெரும்பாலும் மருந்துதான். தனக்கு உலகப் புகழ் தந்த சிகிச்சையின் பாதியைத் தானே தள்ளுபடி செய்வது எத்தனை பேருக்கு வரும்? அப்படித் தள்ளுபடி செய்தும் அவர் வேலை போகவில்லை, வார்டு மூடப்படவில்லை. 10ஆம் எண் கட்டடத்தின் அருமையை நான் இந்த இடத்தில்தான் பார்க்கிறேன்.

அதற்குள் அவர் வேறொரு செல்லைப் பிடித்திருந்தார். ரத்தத்தில் தேடுவானேன்? கட்டிக்குள்ளேயே நுழைந்து உட்கார்ந்திருக்கும் லிம்போசைட்டுகள் உண்டு. எதிரியின் முகம் அவற்றுக்கு ஏற்கெனவே தெரியும். பத்தாலஜி ஸ்லைடில் கட்டியின் நடுவே நீலப் புள்ளிகளாக நீங்களே பார்த்திருப்பீர்கள், ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘டில்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். அவற்றை வளர்க்கும் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். தியேட்டரில் எடுத்த கட்டி சில்லென்ற கரைசலில் நேராக ஆய்வகத்துக்கு வருகிறது. ஸ்கால்பெல் கொண்டு அதை ஓரிரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்குகிறார்கள். இருபத்து நான்கு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் ஒரு குழிக்கு ஒரு துண்டு. மேலே ரோஜா நிறத்தில் வளர்ப்புத் திரவம், அதில் இன்டர்லூகின்-2. சில நாளில் துண்டின் ஓரங்களிலிருந்து லிம்போசைட்டுகள் வெளியே ஊர்ந்து வந்து அடியில் படர்கின்றன. அருகே உள்ள புற்றுச் செல்களைத் தின்று தீர்க்கின்றன. செல்கள் பெருகப் பெருகத் திரவம் புளித்து மஞ்சளாகிறது. மஞ்சளானால் மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்க முடியாது. இரண்டு மூன்று வாரத்தில் குழிகள் நிரம்பிவிடும். எந்தக் குழியின் செல்கள் நோயாளியின் கட்டியை அடையாளம் காண்கின்றன என்று சோதித்து, தேறியவற்றை மட்டும் மறுபடி பெருக்குகிறார்கள். கடைசியில் ஒரு பையில் பல ஆயிரம் கோடி செல்கள். நோயாளிக்கு ஏற்ற அரை மணி நேரம் போதும்.

1988இல் மெலனோமா நோயாளிகள் 20 பேரில் இதன் முதல் முடிவுகள் வந்தன. பலருக்குக் கட்டி சுருங்கியது, ஆனால் நிலைக்கவில்லை. உள்ளே போன செல்கள் சில நாளிலேயே காணாமல் போயின. ஏன் என்று புரிய இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு பிடித்தது. நிரம்பி வழியும் டவுன் பஸ்ஸில் ஏறியவன் படிக்கட்டிலேயே தொங்குவதுபோல, உடலில் ஏற்கெனவே இருக்கும் லிம்போசைட்டுகளுக்கு நடுவே புதியவற்றுக்கு இடமும் இல்லை, உணவும் இல்லை. அதனால் முதலில் கீமோதெரபி கொடுத்துப் பழைய லிம்போசைட்டுகளைக் காலி செய்துவிட்டுப் புதியவற்றை ஏற்றினார்கள். 2002இல் சயின்ஸ் இதழில் வந்த முடிவு: 13 பேரில் 6 பேருக்குக் கட்டிகள் பெருமளவு சுருங்கின. சிலருக்குத் தோலில் வெண்புள்ளிகள் தோன்றின. நிறமிச் செல்லும் மெலனோமாவும் ஒரே வம்சம் என்பதால், ஏற்றிய செல்கள் இரண்டையும் தாக்கின. லேப் ரிப்போர்ட் வருமுன்பே ரவுண்ட்ஸில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய அடையாளம் அது. கண் பார்வையில் கோளாறு வந்தவர்களும் உண்டு, காரணம் அதேதான்.

இந்தச் சிகிச்சை கடைக்கு வந்தது எப்போது தெரியுமா? 2024 பிப்ரவரியில். லைஃபிலூசெல் என்ற பெயரில், மெலனோமாவுக்கு. கெட்டியான கட்டிக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் டி செல் சிகிச்சை. 1988இலிருந்து எண்ணினால் 36 ஆண்டு. உங்கள் தீசிஸை மூன்று ஆண்டில் முடித்து பைண்டு போட வேண்டும் என்று கவலைப்படுகிறீர்கள்.

செல்லுக்குள் மரபணுவைப் புகுத்தி, அது எதைத் தாக்க வேண்டும் என்று நாமே கற்றுக்கொடுக்கும் கார்-டி செல்லுக்கும் இந்த ஆய்வகத்துக்கும் தொடர்பு உண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த செலிக் எஷ்ஹர் 1989இல் அப்படியொரு டி செல்லை உருவாக்கியவர். 1990இல் விடுப்பெடுத்துக்கொண்டு ரோசன்பெர்க்கின் ஆய்வகத்துக்கு வந்து வேலை செய்தார். அதே பிரிவின் ஜேம்ஸ் கோச்சென்டோர்ஃபர் குழு, லிம்போமா முற்றிய ஒருவருக்கு சிடி-19ஐக் குறிவைக்கும் செல்களைச் செலுத்தி நோய் பின்வாங்கியதை 2010இல் வெளியிட்டது. ரோசன்பெர்க்கிடம் ஒருகாலத்தில் பயிற்சி பெற்ற அரி பெல்டிகிரன் தொடங்கிய நிறுவனம் அந்த வழியைப் பற்றிக்கொண்டு போய் 2017 அக்டோபரில் அனுமதி வாங்கியது. அப்போதைய விலை 3,73,000 டாலர். அரசுப் பணத்தில் பிறந்த மருந்து இந்த விலைக்கு ஏன் விற்கிறது என்று நீங்கள் கேட்டால், எனக்கும் அதே கோபம்தான். அதற்கு வேறொரு மடல் எழுத வேண்டும்.

அதே 2010இல் அதே பிரிவிலிருந்து இன்னொரு கட்டுரையும் வந்தது. அதை ஒவ்வொரு பி.ஜி. மாணவரும் படிக்க வேண்டும் என்பேன். குடல் புற்றுநோய் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவிய ஒருவருக்கு, ஹெர்-2 என்ற புரதத்தைத் தாக்கும் 1,000 கோடி செல்களைச் செலுத்தினார்கள். பதினைந்து நிமிடத்தில் மூச்சுத் திணறல் தொடங்கியது. ஐந்தாம் நாள் அவர் இறந்தார். நுரையீரலின் இயல்பான செல்களில் மிகச் சொற்ப அளவில் இருந்த அதே புரதத்தை ஏற்றிய செல்கள் கண்டுபிடித்துத் தாக்கியிருக்கலாம் என்று காரணம் எழுதி, நேரவாரியாக, ஒளிவுமறைவின்றி வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் இந்தத் துறையில் முதல் டோஸின் அளவை நிர்ணயிக்கும்போது அதை நினைக்காதவர்கள் இல்லை.

கார்ல் ஜூனைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். 2012இல் ஏழு வயதுகூட நிரம்பாத எமிலி, ஏற்றிய செல்கள் கிளப்பிய அழற்சிப் புயலில் வென்டிலேட்டரில் கிடந்தாள். ரத்தத்தில் இன்டர்லூகின்-6 பன்மடங்கு ஏறியிருப்பதாக ரிப்போர்ட் வந்தது. அதைத் தடுக்கும் மூட்டுவாத மருந்து ஒன்று சந்தைக்கு வந்திருப்பது ஜூனுக்குத் தெரியும், ஏனென்றால் அவர் மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம். டோசிலிசுமாப் கொடுத்தார்கள், குழந்தை பிழைத்தாள். இதை அதிர்ஷ்டம் என்பார்கள். இருக்கட்டும். அந்தச் சோதனையை ஓர் ஆய்வகம் அதே நாளில் செய்து கொடுத்ததும், அந்த மருந்தை உடனே வாங்கிப் போட முடிந்ததும் எந்த அதிர்ஷ்டத்தில் சேரும்?

நம் பக்கம் வருவோம். நம்மால் ஆகாது என்று சொல்வதற்கில்லை, ஆகியிருக்கிறது. மும்பை ஐஐடியில் ராகுல் புர்வார் உருவாக்கிய கார்-டி செல்லை, டாட்டா மெமோரியலின் ஹஸ்முக் ஜெயின், கௌரவ் நருலா போன்ற மருத்துவர்கள் நவி மும்பை கார்கர் வளாகத்தில் 2021 ஜூனில் முதல் நோயாளிக்குச் செலுத்தினார்கள். 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது, அதுவும் நம் ஓ.பி. வரிசையில் நிற்பவருக்கு எட்டாத தொகைதான் என்றாலும். கார்கரில் ஆய்வகமும் வார்டும் ஒரே வளாகத்தில் இருப்பதைக் கவனியுங்கள். இன்னும் பக்கத்தில், வேலூர் சி.எம்.சி. 1986இலிருந்து எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்துவரும் இடம். அதன் பாகாயம் வளாகத்தில் ஸ்டெம் செல் ஆய்வு மையம் இருக்கிறது. ரத்தவியல் மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவாவும் அவர் குழுவும் கடுமையான ஹீமோபிலியா நோயாளிகள் ஐவரின் ஸ்டெம் செல்களை எடுத்து, உறைதல் காரணி எட்டின் மரபணுவை வைரஸ் வழியாகப் புகுத்தித் திருப்பிச் செலுத்தியதை, 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. நோய் வேறு, கைத்தொழில் ஒன்றுதான். செல்லை எடு, திருத்து, இடம் காலி செய், திருப்பிக் கொடு. இரண்டு இடத்திலும் தனி மேதை ஒருவர் செய்த வேலை இல்லை. பல ஆண்டு பொறுமையாகக் கட்டிய ஆய்வகம், அருகே வார்டு, இரண்டுக்கும் நடந்து போய்வரும் மருத்துவர்கள்.

கட்டடத்தைப் பற்றி நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால், 2025 ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த மாதத் தொடக்கத்தில்தான் ரோசன்பெர்க் குழு குடல், கணையம் போன்ற உறுப்புகளின் புற்றுநோயில் டில் சிகிச்சையின் முடிவுகளை வெளியிட்டது. கூடவே நோயெதிர்ப்புத் தடையை நீக்கும் மருந்தும் கொடுத்தபோது 34 பேரில் 8 பேருக்குக் கட்டி சுருங்கியது. மெலனோமாவைத் தாண்டி இந்த முறை போகாது என்று பல்லாண்டு சொல்லிவந்தவர்களுக்கு அது பதில். அதே வாரத்தில் செய்தித்தாளில் இன்னொரு செய்தி. அரசு நடத்திய ஆட்குறைப்பில் செல் தயாரிப்பில் தேர்ந்த ஊழியர்கள் வேலை இழந்ததாலும், பொருள் வாங்குவது தடைபட்டதாலும், அவரிடம் இருந்த இரண்டு நோயாளிகளின் சிகிச்சை தள்ளிப்போயிற்று. அதே மருத்துவர், அதே அறிவு, அரை நூற்றாண்டு அனுபவம். தட்டில் திரவம் மாற்றும் கைகள் போனதும் நோயாளி காத்திருக்க வேண்டியதாயிற்று. முற்றிய புற்றுநோய்க்காரருக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, தயங்கி நிற்கும் தம்பி தங்கைகளே, பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கல்லூரியைப் பற்றி விசாரியுங்கள். ஹாஸ்டல் சாப்பாடு, ஸ்டைபெண்டு, டியூட்டி நேரம், பாண்ட் எத்தனை ஆண்டு, இதெல்லாம் எப்படியும் கேட்பீர்கள். கேளுங்கள், அதுவும் வேண்டும். கூடவே இதையும் கேளுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய பயாப்ஸி பிளாக் கேட்டால் கிடைக்குமா? பேஷன்ட் பார்க்கும் ஆசிரியர்களில் சொந்த ஆய்வகம் வைத்திருப்பவர் யாராவது உண்டா? அவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓ.பி. இல்லாமல் விடுகிறார்களா, இல்லை மாலை ஆறு மணிக்கு மேல்தான் அவர் விஞ்ஞானியா? நெறிமுறைக் குழு மாதம் ஒருமுறையாவது கூடுகிறதா? இந்தியா அலையன்ஸ் போன்ற அமைப்புகள் மருத்துவர்களின் ஆராய்ச்சி நேரத்துக்கென்றே உதவித்தொகை தருகின்றன. உங்கள் சீனியர்களில் யாராவது விண்ணப்பித்தது உண்டா?

சம்பளத்தைப் பற்றி ஒளிக்க மாட்டேன். உங்களோடு படித்தவர் சொந்த நர்சிங் ஹோம் கட்டி பூமி பூஜைக்குப் பத்திரிகை வைக்க வரும்போது, நீங்கள் எலிக்கூண்டுக்கு டெண்டர் எழுதிக்கொண்டிருப்பீர்கள். கல்யாணப் பேச்சில் “டாக்டர்தான், ஆனா லேபுல இருக்கார்” என்று அம்மா இழுப்பார். இதற்கு மாற்று மருந்து என்னிடம் இல்லை.

கடைசியாக, கேம்பஸைச் சுற்றிப் பார்க்கப் போனால் ஆடிட்டோரியத்தை விட்டுவிட்டு தியேட்டர் சிஸ்டரிடம் ஒரு நிமிடம் பேசுங்கள். அறுத்தெடுத்த கட்டியை உயிரோடு யாராவது உடனே வந்து வாங்கிக்கொண்டு போகிறார்களா என்று கேளுங்கள். “அதெல்லாம் இல்லப்பா, ஃபார்மலின்ல போட்டு வெச்சிருவோம், நாளைக்குப் போகும்” என்று பதில் வந்தால், அங்கே நீங்கள் நல்ல சர்ஜனாக வரலாம். செல் வளர்க்க முடியாது.

அன்புடன்,
உங்கள் பழைய சர்ஜரி வாத்தியார்